பழைய மாஸி 1035: பின்சக்கரத்தில் ஆயில் சீல் ஏன் ஒரு சீசனுக்கு மேல் நிற்பதில்லை?

நீங்கள் எழுதியிருப்பதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கிய மாஸி பெர்குசன் 1035, ட்ரம் பிரேக் வண்டி. வலது பின்சக்கரத்தில் ஆயில் கசிந்து ட்ரம்முக்குள் இறங்குகிறது, அந்தப் பக்கம் பிரேக் பிடிக்கவில்லை. இரண்டு வருடத்தில் மூன்று சீல் மாற்றியாயிற்று, ஒன்றுகூட ஒரு நடவைத் தாண்டவில்லை. முன்சக்கரம் ஒன்றைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது. எந்தக் கம்பெனி சீல் போட்டால் நிற்கும், பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்பது கேள்வி. சீல் கம்பெனியைக் கடைசியில் பார்ப்போம். மூன்று கடையில் வாங்கிய மூன்று சீலும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் போகிறதென்றால் அந்த இடத்தில் ஏதோ ஒன்று சீலைத் தின்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நாலாவது சீலை வாங்கினால் அதுவும் அடுத்த நடவுக்குள் போய்விடும்.

டெல்டாவில் டிராக்டர் வேலை பார்க்கும் பட்டறைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த வகை வண்டிதான் எங்களிடம் அதிகம் வரும். ஆனாலும் உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை, கையால் அசைத்துப் பார்க்கவில்லை. ஆகவே எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. ஆயில் சீல் என்பது இரும்பு வளையத்தில் ஒட்டிய ரப்பர் உதடு. அந்த உதட்டுக்குப் பின்னால் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று சுற்றியிருக்கும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் உதடு ஷாஃப்டைச் சுற்றி மெல்லிய கோடாகத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கோட்டில் இருக்கும் மிக மெல்லிய ஆயில் படலம்தான் உதட்டைக் காயாமல் காப்பது. இந்த ஏற்பாடு நிற்க மூன்று விஷயம் வேண்டும். ஷாஃப்ட் நடுவிலேயே சுற்ற வேண்டும். உதடு தொடும் இடம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் கட்டக் கூடாது. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால், சுற்றும்போது ஒரு பக்கம் உதடு நசுங்கும், மறுபக்கம் விலகும். விலகிய இடத்தில் ஆயில் வரும். ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது உதடு அதில் சரியாக உட்காராது. உள்ளே அழுத்தம் கட்டினால் நல்ல சீலும் ஆயிலைத் தள்ளிவிடும். பழைய டிராக்டரில் திரும்பத் திரும்பச் சீல் போவதற்கு இந்த மூன்றில் ஒன்றோ, இரண்டு சேர்ந்தோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

செலவில்லாமல் பார்க்கக்கூடியது அழுத்தம், அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். பெர்குசன் வழி வந்த இந்த வண்டிகளில் கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல், லிஃப்ட் ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான்; சுமார் முப்பது லிட்டர். அந்த ஆயில் அளவுக்கு மேல் போனால் இரண்டு பக்க ஆக்சில் குழாயிலும் ஏறி நிற்கும், சீல் எப்போதும் ஆயிலில் முங்கியே இருக்கும். யாரும் வேண்டுமென்று அதிகம் ஊற்றுவதில்லை. டிப்பர் ட்ரெய்லரைத் தூக்கி வைத்த நிலையில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பல லிட்டர் ஆயில் ட்ரெய்லர் சிலிண்டருக்குள் இருக்கும், அதனால் டிப்ஸ்டிக்கில் குறைவாகத் தெரியும். குறைந்துவிட்டதென்று ஊற்றுவார்கள். ட்ரெய்லரை இறக்கியதும் மொத்தமும் திரும்பி வந்து அளவு மீறிவிடும். உங்களிடம் டிப்பர் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ட்ரெய்லரும் லிஃப்ட் கைகளும் கீழே இறங்கியிருக்க வேண்டும், அதன்பிறகே டிப்ஸ்டிக்.

அடுத்தது பிரீதர். வண்டி ஓடிச் சூடானால் உள்ளிருக்கும் காற்று விரியும், அது வெளியே போக ஒரு சிறு வழி வேண்டும். சேறும் உமித் தூசும் அடைத்து அந்த வழி மூடிக்கொள்ளும். இடம் மாடலைப் பொறுத்து மாறும். கழற்றி டீசலில் கழுவி ஊதினால் ஐந்து நிமிட வேலை. எளிய சோதனை ஒன்று உண்டு. நன்றாக ஓட்டிச் சூடான வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறங்கள். 'புஸ்' என்று காற்று வந்தால் பிரீதர் அடைத்திருக்கிறது. இன்னொன்று, வண்டியைத் தினமும் எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். வலது சக்கரம் தாழ்ந்த பக்கமாக இரவு முழுக்க நின்றால் ஆயில் அந்தக் குழாய்க்குள் ஓடித் தேங்கும். எப்போதும் ஒரே பக்கம் மட்டும் கசிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் இது மட்டுமே ஒரு நடவில் ஒரு சீலைத் தின்றுவிடும் என்று நான் நம்பவில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தால் சக்கரப் பக்கம் வாருங்கள். கழற்றும் முன் வருவது ஆயிலா கிரீஸா என்று பார்த்துவிடுங்கள். ட்ரம்மின் பின்தட்டு, ஆக்சில் குழாய் இரண்டையும் டீசலில் கழுவித் துடைத்துக் காயவிட்டு, அதன் மேல் முகப் பவுடரோ சுண்ணாம்புப் பொடியோ லேசாகத் தூவுங்கள். சுமை இல்லாமல் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதென்று பவுடரில் தெளிவாகத் தெரியும். சில வண்டிகளில் ஆயில் சீலில் வராது. ஆக்சில் குழாய் நடு வீட்டோடு (ஹவுசிங்) சேரும் இடத்துக் கேஸ்கெட்டில் கசிந்து, குழாயின் அடிவழியாக ஓடிவந்து ட்ரம்மின் கீழே சொட்டும். பார்ப்பவர் சீல் போய்விட்டதென்றே நினைப்பார். உங்கள் வண்டியில் ஆயில் ட்ரம்முக்குள்ளேயே இறங்குகிறது என்பதால் சீலாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இருந்தாலும் பவுடர் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை, செய்துவிடுங்கள்.

இனி ஜாக்கி. இதில் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே இரும்புப் பின்னில் (அச்சாணி) தொங்கி இரு பக்கமும் ஊஞ்சல்போல ஆடும். பின்னால் ஒரு பக்கம் தூக்கினால் வண்டி முழுவதும் அந்தப் பின்னின் மேல் சாயும். ஆகவே ஜாக்கி வைக்கும் முன் முன் ஆக்சிலுக்கும் அதன் மேலிருக்கும் வார்ப்புக்கும் நடுவில் இருபுறமும் மர ஆப்பு அடித்து இறுக்குங்கள். தூக்காத சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கிய பிறகு ஜாக்கியை நம்பி அடியில் கை வைக்காதீர்கள். ஆக்சில் குழாயின் அடியில் ரயில் ஸ்லீப்பர் மாதிரிக் கனமான கட்டையோ ஸ்டாண்டோ கொடுங்கள். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் நூறு லிட்டருக்கு மேல் இருக்கும். அதை முதலில் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சக்கரத்தை உருட்ட இரண்டு ஆள் போதாது. சக்கரம் சாயத் தொடங்கிவிட்டால் யாராலும் பிடித்து நிறுத்த முடியாது.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், கழற்றாமலே டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு வெளிப்பக்கமாக இழுத்து உள்பக்கமாகத் தள்ளுங்கள். 'டொக்' என்ற சத்தத்தோடு ஆக்சில் வெளியே வந்து உள்ளே போனால் பேரிங்கிலோ ஷிம்மிலோ (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) ஆட்டம் இருக்கிறது. நல்ல பட்டறையாக இருந்தால் டயல் கேஜ் வைத்து எவ்வளவு என்று எண்ணாகச் சொல்வார்கள். பெர்குசன் வழி வந்த பழைய வகைகளில் ஆக்சிலின் வெளிமுனையில் பக்கத்துக்கு ஒரு டேப்பர் ரோலர் பேரிங்தான். சாய்ந்த உருளைகள் உள்ள இந்தப் பேரிங் ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை வாங்கியது. மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளுதலையும் ஒன்றே தாங்கும். ஆனால் பக்கத் தள்ளுதலை அது ஒரு திசையில் மட்டுமே தாங்கும். அதனால்தான் இரண்டு ஆக்சிலும் நடுவில் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கும்படி அமைத்து, வெளிப்பக்கத்தில் ஷிம் தகடுகளை வைத்து ஆட்டத்தைச் சரிசெய்கிறார்கள். இதிலிருந்து தெரிய வேண்டியது, வலது பக்கம் ஷிம் எடுத்தால் இடது பக்க ஆக்சிலின் ஆட்டமும் மாறும். வைக்க வேண்டிய அளவு மாடலுக்கு மாடல் வேறு, ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கைக்கணக்கு இதில் ஆகாது. உங்கள் மெக்கானிக் மூன்று முறை சீல் மாற்றியபோது, கழற்றிய ஷிம்களை எண்ணி அப்படியே திரும்பப் போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஷிம் கிழிந்துவிட்டதென்று தூக்கிப் போட்டிருந்தாலே கணக்கு மாறிவிடும்.

இந்த ஆக்சிலில் பேரிங்கின் உள் வளையமான கோனைப் பிடித்திருப்பது நட்டு கிடையாது. சூடாக்கி ஏற்றி, ஆறும்போது இறுகிய ஒரு இரும்புக் காலர். சக்கரம் ஆக்சிலோடு வெளியே வந்துவிடாமல் பிடித்து நிற்பதும் அதே காலர்தான். பேரிங் மாற்ற வேண்டுமென்றால் காலரைத் துளையிட்டு உளியால் பிளந்து எடுக்க வேண்டும். துளை ஆழமாகப் போனாலோ உளி நழுவினாலோ ஷாஃப்டில் வெட்டு விழும். பாரம் தாங்கும் ஷாஃப்டில் விழுந்த வெட்டு பின்னால் விரிசலாகும். பழைய காலரைத் திரும்பப் போடவே கூடாது, புதிது வாங்கித்தான் போட வேண்டும். பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும், சுத்தியால் அடித்து ஏற்றக் கூடாது. சூடாக்கி ஏற்றுவதாக இருந்தால் பேரிங்கை ஆயிலில் போட்டுச் சூடாக்குவது நல்லது. சூடு 120 டிகிரி செல்சியசைத் தாண்ட வேண்டாம். கேஸ் டார்ச்சை நேராகப் பேரிங் மேல் பிடித்தால் உருக்கின் பதம் போய்விடும், நிறம் மாறுவதில் அது தெரிந்துவிடும். பிரஸ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். மற்ற வேலைகளை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம், இதை மட்டும் வேண்டாம்.

அப்படியானால் பேரிங்கை மாற்றத்தான் வேண்டுமா? கழற்றிக் கழுவிய பிறகு வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள். வெளி வளையமான கப்பின் உட்புறமும் உருளைகளும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால், வயதானாலும் இன்னும் ஓடும். உருளை இடைவெளிக்குச் சரியாக வரிசையாகப் பள்ளம் தெரிந்தால், சுத்தியடியோ பாரத்தோடு விழுந்த குலுக்கலோ காரணம். அதை மாற்ற வேண்டும். மேல்தோல் செதில் செதிலாக உரிந்திருந்தால் கேள்வியே இல்லை. நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் காய்ந்து ஓடியிருக்கிறது. துருப்புள்ளி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. டெல்டா வண்டிகளில் இன்னொரு வகைத் தடமும் பார்க்கிறேன்: மிகச் சிறிய கருகிய புள்ளிகள். டிராக்டரில் வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடாமல் வண்டியின் மறுமுனையில் போட்டால், மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைக்கும் கப்புக்கும் நடுவில் பொறி விட்டு இந்தப் புள்ளிகளை வைக்கும். கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) பட்டி பிய்ந்ததென்று சக்கரத்தில் மாட்டியபடியே வெல்டு வைப்பது நம் பக்கம் சாதாரணம். அடுத்த முறை கேஜ் வீலைக் கழற்றிப் போட்டு வையுங்கள். கோனை மட்டும் மாற்றிக் கப்பை விட்டுவிடக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தே தேய்ந்தவை, சேர்ந்தே மாற வேண்டும்.

உங்கள் வண்டியில் எனக்கு அதிகச் சந்தேகம் ஷாஃப்டின் மேல்தான். முப்பது வருடம் ஓடிய ஷாஃப்டில் சீலின் உதடு தொடும் இடத்தில் பளபளவென்று ஒரு கோடு இருக்கும். வெறும் கோடு பயமில்லை. அதன் குறுக்கே விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் அது பள்ளம், எந்தக் கம்பெனியின் சீலும் அதில் நிற்காது. ரப்பர் எப்படி உருக்கைத் தின்னும் என்று கேட்பார்கள். ரப்பர் தின்பதில்லை. உதட்டின் அடியில் சிக்கிக்கொண்ட மண் துகள்தான் எமரி மாதிரி அறுக்கிறது.

பள்ளம் இருந்தால் மூன்று வழி. முதல் வழி, சீலை அதே வீட்டுக்குள் (சீல் உட்காரும் குழி) இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னோ பின்னோ தள்ளி உட்கார வைத்து, உதட்டைப் பள்ளமில்லாத இடத்தில் தொட வைப்பது. இடம் இருந்தால் இதைவிட மலிவான வழி கிடையாது. வீட்டின் ஆழத்தையும் சீலின் தடிமனையும் அளந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டாவது, தேய்ந்த இடத்தின் மேல் போடும் மெல்லிய உலோக உறையான ஸ்லீவ். எஸ்கேஎஃப் தயாரிக்கும் ஸ்பீடி ஸ்லீவ் வகையின் சுவர்த் தடிமன் 0.28 மில்லிமீட்டர் மட்டுமே, அதனால் பழைய அளவு சீலே பொருந்திவிடும். பள்ளம் ஆழமாக இருந்தால் உலோகப் பொடி கலந்த எபாக்சியை நிரப்பி, அது இறுகும் முன் ஸ்லீவை ஏற்ற வேண்டும். ஷாஃப்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து அந்த அளவைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். மூன்றாவது, ஹார்டு குரோம் ஏற்றி கிரைண்டிங் செய்வது. நல்ல வேலை, ஆனால் தெரிந்த இடத்தில் கொடுக்க வேண்டும், நாளும் ஆகும். ஊர் லேத்தில் வெல்டு நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்றால் ஆக்சிலுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டின் சூட்டில் உருக்கின் பதம் மாறி, சுமை ஏறும் இடத்திலேயே பலவீனம் உண்டாகும். கடைந்த மேற்பரப்பில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. லேத் டூல் கண்ணுக்குத் தெரியாத திருகுமரை ஒன்றை விட்டுவிட்டுப் போகும், ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை ஆயிலை வெளியே இழுத்துத் தள்ளும். எமரித் தாளில் தேய்க்கும்போதும் அதே கதைதான். தாளை ஷாஃப்டைச் சுற்றி நேராகப் பிடித்துத் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் நகர்த்திக்கொண்டே தேய்த்தால் சாய்ந்த கோடுகள் விழும்.

சீல் போடும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் இருக்கும் பக்கமாகப் போக வேண்டும். இந்த வகையில் பேரிங்குக்கு உட்புறம் ஆயிலைத் தடுக்க ஒன்று, வெளிப்புறம் மண்ணும் தண்ணீரும் வராமலிருக்க ஒன்று என இரண்டு சீல் உண்டு. சிலர் வெளியே இருப்பதை மட்டும் மாற்றி விட்டுவிடுகிறார்கள். உள் சீல் பழையதாகவே இருந்தால் ஆயில் முதலில் பேரிங்குக்கு வந்து அங்கிருக்கும் கிரீஸைக் கரைக்கும், பிறகு புது வெளிச் சீலையும் தாண்டி ட்ரம்முக்குள் போகும். உங்களுக்கு மூன்று முறையும் எது மாற்றப்பட்டதென்று விசாரியுங்கள், இதுகூடப் போதுமான விளக்கமாக இருக்கலாம். சீலை ஏற்றும் முன் உதட்டில் கிரீஸ் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் சுற்றிலேயே கருகும். ஷாஃப்டில் ஸ்ப்ளைனோ கீ வெட்டோ இருந்தால் அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டு உதட்டைத் தாண்டச் செய்யுங்கள். சீலை அடிக்கும்போது ஒரு ஓரமாக உளி வைத்துத் தட்டினால் சாய்ந்து உட்காரும், வளையமும் வளையும். சீலின் வெளி விட்டத்துக்குக் கொஞ்சம் சிறிதான குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டுங்கள். வீட்டின் உட்சுவரில் பழைய மெக்கானிக்குகள் உளியால் நெம்பிய கீறல் இருந்தால் சீலின் வெளிப்பக்கமாகவும் ஆயில் வரும். அங்கே சீலன்ட்டை மெல்லிதாகத் தடவலாம். உதட்டின் பக்கம் துளிகூடப் போகக் கூடாது.

ஆயில் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி, தீ காட்டி எரித்துத் திரும்பப் போடும் பழக்கம் இருக்கிறது. மேலே இருப்பது எரிந்துபோகும். உள்ளே ஊறியது ட்ரம் சூடானதும் மறுபடி வெளியே வரும். லைனிங்கை மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ரோட்டில் ட்ரெய்லரோடு போகிறவருக்கு இது சின்ன விஷயம் கிடையாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ட்ரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முன்சக்கரம் இதைவிட எளிது, நீங்களே செய்யலாம். ஆனால் ஆட்டம் பேரிங்கில்தானா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எது எதோடு அசைகிறதென்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிண்டில் (சக்கரம் சுற்றும் அச்சு) அசையாமல் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மட்டும் அசைந்தால் பேரிங். ஹப்பும் ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆக்சிலுக்குள் அசைந்தால் கிங்பின் (ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சு) புஷ் தேய்ந்திருக்கிறது, பேரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஆட்டம் போகாது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் ஸ்டியரிங் பால் ஜாயின்ட்டைப் பாருங்கள்.

பேரிங் என்றால் மூடியைக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, ஹப்பை இழுங்கள். உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு டேப்பர் பேரிங் இருக்கும். பழைய கிரீஸை வழித்துப் போடும் முன் விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மண் போயிருக்கிறது. மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர். சேறடிக்கும்போது ஹப் முங்கிப் போகிறது. ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த வயல் தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கப் ஹப்புக்குள் கையாலேயே சுழன்றால் ஹப் பெருத்துவிட்டது. பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்து இறுக்குவது ஒரு சீசனை ஓட்ட உதவும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். ஹப்பைக் கடைந்து புஷ் போடவோ ஹப்பையே மாற்றவோ வேண்டும். புதுக் கப்பை அடிக்கும்போது கடைசி அடியில் சத்தம் மாறும், கணீரென்று கேட்டால் தோளில் உட்கார்ந்துவிட்டதென்று அர்த்தம்.

கிரீஸை உருளைகளின் இடையில் உள்ளங்கையால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றுங்கள். வெளியே பூசி விடுவது கிரீஸ் போட்டதாகாது. மெதுவாகச் சுற்றும், தண்ணீரில் இறங்கும் ஹப் என்பதால் உள்ளே இருக்கும் காலி இடத்தையும் தாராளமாக நிரப்பலாம். காரின் ஹப்புக்குச் சொல்லும் 'பாதி போதும்' இதற்குப் பொருந்தாது. லித்தியம் வகை 2ஆம் நம்பர் ஈபி (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸ் போதும். சோடா கிரீஸ் தண்ணீரில் கரைந்துபோகும், வயல் வண்டிக்கு ஆகவே ஆகாது. வேறு வகை கிரீஸ் உள்ளே இருந்தால் அதன்மேலேயே புதிதை ஏற்றாமல் முழுக்கக் கழுவிவிட்டுப் போடுங்கள். ஒன்றோடொன்று சேராத வகைகள் கலந்தால் இளகி ஓடிவிடும்.

நட்டை இறுக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே, சுழற்சி கனமாகும்வரை இறுக்குங்கள். அப்போதுதான் உருளைகள் சரியாக அமரும். பிறகு ஸ்பிளிட் பின் துளைக்கு நேராக வரும் பக்கத்துக் காடி வரை திருப்பித் தளர்த்துங்கள். சக்கரம் சுளுவாகச் சுற்ற வேண்டும், ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. 'கொஞ்சம் டைட்டாகவே இருக்கட்டும்' என்று விட்ட ஹப்தான் ரோட்டில் சூடேறிப் பேரிங்கைச் சிக்கவைக்கும். ஸ்பிளிட் பின் புதிதாகப் போடுங்கள், இரண்டு ரூபாய்க்காகப் பழையதை நிமிர்த்தாதீர்கள். ஒரு நாள் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு வந்து ஹப்பில் கை வையுங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியவில்லையென்றால் இறுக்கம் அதிகம்.

இப்போது கம்பெனி. சீல் மேல் மூன்று எண் அச்சிட்டிருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். பழையதில் உள்ளதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல் ஷாஃப்டையும் வீட்டையும் அளந்து ஒப்பிடுங்கள், முன்னால் போட்டவரே தவறான அளவைப் போட்டிருக்கலாம். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி சுற்றுவட்டாரம் வரை தாங்கும், பின் ஆக்சிலுக்கு அது தாராளம். விலை கூடிய 'விட்டான்' (அதிகச் சூடு தாங்கும் ரப்பர்) சீல் இங்கே தேவையில்லை. இருக்கும் குறை சூடு சம்பந்தப்பட்டது இல்லையே. வயல் வண்டிக்குத் தூசி தடுக்கும் இரண்டாவது உதடு உள்ள சீல் கிடைத்தால் அதை வாங்குங்கள். பேரிங்கில்தான் கம்பெனி பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய பெயர்களின் அட்டைப்பெட்டியில் போலி வருகிறது. கோன், கப் இரண்டிலும் பொறித்த எண் தெளிவாக, பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். சந்தை விலையைவிட வெகு மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குவது மட்டுமே எனக்குத் தெரிந்த பாதுகாப்பு.

இடது பக்கத்தையும் திறந்துவிடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். அந்தப் பக்கம் காய்ந்திருந்து, ஆட்டமும் இல்லையென்றால் கை வைக்காதீர்கள். நன்றாக இருக்கும் காலரை வெட்டுவதற்குக் காரணமே இல்லை. வலது பக்கக் காலரை வெட்டும் முன் மட்டும் இரண்டு தகவல் எழுதுங்கள்: சீல் தொடும் இடத்தில் நகம் தட்டுகிறதா, ஆக்சிலை இழுத்துத் தள்ளும்போது டயல் கேஜ் எவ்வளவு காட்டுகிறது. அந்த இடத்தின் படமும் கிடைத்தால் ஸ்லீவ் போதுமா, பேரிங்கை மாற்றியே ஆக வேண்டுமா என்பதை இதைவிட உறுதியாகச் சொல்ல முடியும்.